46 பெட்டிகளில் 30 காலி... ஒரு உண்ணி திருப்பிப் போட்ட துறவியின் வாழ்க்கை! யார் இந்த பிரதர் ஆடம்?

ஐரோப்பாவில் தேனீ வளர்ப்பவர்களிடம் ஆகஸ்ட் கடைசியில் பேச்சுக் கொடுத்தால், தேனைவிட உண்ணியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். தேன் எடுத்து முடித்த கையோடு வர்ரோவா உண்ணிக்கு மருந்து வைத்தாக வேண்டும். ஃபார்மிக் அமிலம், தைமால், மருந்து ஏற்றிய பட்டைகள் என ஏதோ ஒன்று. வைக்காமல் விட்டால், குளிர்காலம் முடிந்து திறக்கும்போது பெட்டி காலியாக இருக்கலாம்.

மருந்தை நம்பாமல், நோயைத் தானே தாங்கும் தேனீயை உருவாக்கினால் என்ன? 70 வருடங்களுக்கும் மேலாக இதே வேலையாக இருந்தவர்தான் பிரதர் ஆடம்.

1898-ல் ஜெர்மனியின் மிட்டல்பிபெராக் கிராமத்தில் பிறந்தவர். இயற்பெயர் கார்ல் கேர்லே. 11 வயதில், 1910-ல், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள பக்ஃபாஸ்ட் மடாலயத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே துறவிகள் தங்கள் தேவாலயத்தைத் தாங்களே கல் கல்லாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலைக்கு இவருடைய உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1915-ல் தேனீப் பெட்டிகள் பக்கம் அனுப்பி வைத்தார்கள்.

அடுத்த வருடமே பேரிடி. 1904-ல் வைட் தீவில் முதலில் கவனிக்கப்பட்டு, அந்தத் தீவின் பெயராலேயே அழைக்கப்பட்ட நோய், பிரிட்டன் முழுக்கப் பரவி மடாலயத்துக்கும் வந்துவிட்டது. தேனீக்களால் பறக்க முடியாது. பெட்டிக்கு முன்னால் தரையில் ஊர்ந்து ஊர்ந்தே சாகும். 46 கூட்டங்களில் 30 அழிந்தன. ஆடமுக்கு அப்போது 18 வயதுகூட ஆகவில்லை.

நோய்க்கு என்ன காரணம் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. தேனீயின் மூச்சுக் குழாய்க்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணியை ஜான் ரென்னியின் குழு கண்டுபிடித்து அறிவித்தது 1921-ல்தான். (அந்த அழிவு முழுவதுக்கும் இந்த உண்ணி மட்டும்தான் காரணமா என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அது தனிக் கதை.)

சரி, மிச்சம் 16 பெட்டி மட்டும் எப்படித் தப்பிச்சது? அவை இத்தாலி போன்ற வெளிநாட்டு ராணிகளின் வழி வந்தவை. மடிந்தவை உள்ளூர் கறுப்புத் தேனீக்கள். ஒரே இடம், ஒரே பராமரிப்பு. அப்படியென்றால் வித்தியாசம் ரத்தத்தில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் ஆடம். 1919-ல் தேனீப் பண்ணையின் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது.

ஆனால் ஆடு மாடு மாதிரி தேனீயைக் கலப்பினம் செய்துவிட முடியாது. ராணித் தேனீ இணை சேர்வது பறக்கும்போது, நடுவானில். அதுவும் ஒன்றல்ல, பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு. எந்தப் பெட்டியிலிருந்து வந்த ஆண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, வேறு தேனீயே இல்லாத இடம் வேண்டும். அந்த இடத்தை டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பிடித்தார். குளிர், காற்று, மழை... சும்மா விட்டால் தேனீ பிழைக்கவே திணறும் பொட்டல் வெளி. அதுதான் அவருக்கு வசதி. 1925-ல் அங்கே இணைசேர்க்கை நிலையம் அமைத்தார். தான் தேர்ந்தெடுத்த ராணிகளையும், தான் தேர்ந்தெடுத்த ஆண் தேனீக் கூட்டங்களையும் மட்டும் அங்கே கொண்டுபோய் வைத்தார். எந்த ராணி எதற்குப் பிறந்தது என்று வம்சாவளி எழுதி வைத்தார். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பொறுமை, நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான்.

1950 முதல் ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா என்று ஊர் ஊராகத் தேனீ தேடி அலைந்தார். 1987-ல், 90-ஐ நெருங்கும் வயதில், மலைத் தேனீ தேடி கிளிமஞ்சாரோவுக்கே போனார். இப்படி உருவான 'பக்ஃபாஸ்ட்' தேனீ உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் கடைசிக் காலம் சுமுகமாக இல்லை. மடத் தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆராய்ச்சிக்கும் புகழுக்கும் மடத்து வாழ்க்கைக்கும் எப்படிப் பொருந்தும் என்பதுதான் பிரச்னை. 1992 பிப்ரவரியில், 93 வயதில், பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே 1992-ல்தான் வர்ரோவா உண்ணி பிரிட்டனுக்குள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எங்கே தெரியுமா? அவருடைய டெவனிலேயே.

இது பழைய உண்ணி மாதிரி மூச்சுக் குழாயில் ஒளிவதில்லை. மூடிய அறைக்குள் வளரும் தேனீப் புழுவின் மேல் உட்கார்ந்து பெருகும், வைரஸையும் பரப்பும். இதன் பூர்வீகம் ஆசியத் தேனீக் கூடுகள். மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகளில் வளர்க்கிறார்களே, அதே இனம்தான். அது இந்த உண்ணியோடு காலங்காலமாக வாழப் பழகிவிட்டது. ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சுமார் 6 வாரம். இலையுதிர் காலத்தில் பிறப்பவை பல மாதம் உயிரோடு இருந்து, கூட்டத்தை வசந்தம் வரை கொண்டுபோக வேண்டும். இந்தத் தலைமுறை புழுவாக இருக்கும்போதே உண்ணி கடித்துவிட்டால், நடுக்குளிரில் செத்துப்போகும். ஈடுகட்டப் புதுத் தேனீ பிறக்காது. அதனால்தான் ஆகஸ்டில் அவ்வளவு அவசரம். டிசம்பர் வாக்கில், அடையில் புழுவே இல்லாத நாளில், ஆக்சாலிக் அமிலமும் கொடுப்பார்கள். அப்போது உண்ணிக்கு ஒளிய அறை இருக்காது.

மூச்சுக் குழாய் உண்ணியைத் தாங்கிய பக்ஃபாஸ்ட் தேனீயால் வர்ரோவாவை அப்படித் தாங்க முடியவில்லை. ஆடம் 1996 செப்டம்பர் 1-ம் தேதி, 98 வயதில் இறந்தார். அவர் வழியில் வம்சாவளி எழுதும் ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் சிலர், உண்ணி புகுந்த அறையைத் தானே திறந்து புழுவை வெளியே தூக்கிப் போடும் தேனீக்களைத் தேடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிப்பட்ட தேனீ எல்லாப் பெட்டிக்கும் வந்து சேரும்வரை, பெரும்பாலான பக்ஃபாஸ்ட் பெட்டிகளுக்கும் ஆகஸ்ட் கடைசியில் மருந்துதான்.