பீங்கானில் மலர்ந்த படிகங்கள்

பீங்கான் கலத்தின்மேல் பளபளக்கும் மெருகு ஒருவகைக் கண்ணாடியே. அக்கண்ணாடிக்குள் விசிறிகளைப் போலவும் பனிப்பூக்களைப் போலவும் படிகங்கள் மலரச் செய்வது மிக அரிய வேலை. அமெரிக்காவில் அவ்வேலையில் பெயர்பெற்ற முன்னோடிகளுள் ஒருவர் அடிலெய்ட் ஆல்சப் ராபினோ அம்மையார்.

கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில் 1865-ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், தொடக்கத்தில் பிறர் செய்த பீங்கான் கலங்களில் ஓவியந் தீட்டி வந்தார். 1899-இல் சாமுவேல் ராபினோ என்பவரை மணந்தார். அவ்வாண்டே அவ்விருவரும் பீங்கான் கலைக்கென ஓர் இதழைத் தொடங்கினர். பிரெஞ்சுக் கலைஞர் டாக்சில் டோவா எழுதிய கட்டுரைகளைச் சாமுவேல் அவ்விதழுக்காக மொழிபெயர்த்தார். அவை அம்மையாரைப் பெரிதும் ஈர்த்தன. கலத்தை உருவாக்குவது முதல் சூளையில் சுடுவது வரை அனைத்தையும் தாமே செய்யத் தலைப்பட்டார். மூன்று குழந்தைகளையும் வளர்த்து, இதழையும் நடத்திக்கொண்டே அவர் இதனைச் செய்தார் என்பது எண்ணத்தக்கது.

படிக மெருகுக்குத் துத்தநாக ஆக்ஸைடும் சிலிக்காவும் மிகுந்த கலவையைப் பூசுவர். ஏறத்தாழ 1,300 செல்சியஸ் பாகை வெப்பத்தில் அது தேன்போல் உருகும். பின்னர் வெப்பத்தைத் தணித்து, 1,100 பாகையையொட்டிச் சில மணி நேரம் நிறுத்தினால் படிகங்கள் வளரும். விரைந்து ஆறினால் படிகம் தோன்றாது. அளவு கடந்து உருகினாலோ மெருகு வழிந்து, கலம் சூளைத்தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோபால்ட்டு சேர்த்தால் நீலமும், செம்பு சேர்த்தால் பசுமையும் கிட்டும். ஆயினும் எந்தப் பூ எங்கே மலரும் என்பதைக் கலைஞரின் கை முடிவு செய்ய இயலாது. தூரிகை பிடித்துப் பழகியவருக்கு இஃது எளிதில் பொறுக்கத்தக்கதன்று.

அவருடைய பொறுமையைச் சோதித்தது படிக மெருகு மட்டும் அன்று. 1910-இல் மிசௌரி மாநிலத்து யூனிவர்சிடி சிட்டியில், டோவாவும் பணியாற்றிய பீங்கான் பள்ளியில், வண்டு உருவங்கள் நிறைந்த கலம் ஒன்றைச் செதுக்கினார். சுடாத மண்ணில் நுண்கருவியால் செய்த அவ்வேலை ஆயிரம் மணி நேரத்திற்கும் மேலாக நீண்டது. சூளையைத் திறந்தபோது கலத்தின் அடிப்பகுதி வெடித்திருந்தது! சுட்ட பீங்கானின் வெடிப்பை மறைப்பது நடவாத செயல் என்றே எவரும் கருதுவர். அம்மையாரோ பீங்கானைப் பொடித்துக் குழைத்து வெடிப்புகளில் நிரப்பினார். மீண்டும் மெருகிட்டுச் சூளையில் வைத்தார். இம்முறை கலம் பழுதின்றி வெளிவந்தது. 1911-இல் இத்தாலியின் தூரின் நகரில் நடந்த பொருட்காட்சியில் அவருடைய பீங்கான்கள் தலைமைப் பரிசு பெற்றன.

பின்னாளில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கிய அம்மையார் 1929-இல் மறைந்தார். அவ்வண்டுக் கலம் அந்நகரத்து எவர்சன் காட்சிச்சாலையில் உள்ளது.