லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 - ஏப்ரல் 16, 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர், குருதியியல் அறிஞர். கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் ஒருவகைக் கடும் இரத்தசோகைக்கு உணவுக் குறைபாடே காரணம் என்பதை இந்தியாவில் மேற்கொண்ட ஆய்வுகளால் நிறுவினார். ஈஸ்ட் சாற்றில் அந்நோயைத் தீர்க்கும் பொருள் ஒன்று இருப்பதையும் கண்டறிந்தார். வில்ஸ் காரணி என அழைக்கப்பட்ட அப்பொருள் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து எனப் பின்னர் தெரியவந்தது. இவரது ஆய்வுகள் பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய இடங்களில் நடைபெற்றன.

இளமையும் கல்வியும்

பர்மிங்காம் அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் வில்ஸ் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911 இல் தேர்வுகளை முடித்தார். பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கும் வழக்கம் கேம்பிரிட்ஜில் அப்போது இல்லை. 1948 இல்தான் அது தொடங்கியது. 1913 இல் தாயாருடன் இலங்கைக்குச் சென்றார். முதல் உலகப்போர் தொடங்கிய 1914 இல் தென்னாப்பிரிக்காவில் இருந்த இவர், கேப் டவுனில் சில வாரங்கள் தன்னார்வச் செவிலியராகப் பணிபுரிந்தார். 1915 இல் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1920 இல் தமது 32 ஆம் அகவையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கருவுற்ற காலத்து உடல் மாற்றங்களை ஆராய்ந்து வந்தார்.

இந்தியாவில் ஆய்வு

பம்பாயில் ஏழைப் பெண்கள் பலர், குறிப்பாக நெசவாலைத் தொழிலாளர்கள், கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகைக்கு ஆளாகி இறந்து வந்தனர். தாய்மார் இறப்பு பற்றிய விசாரணையில் ஈடுபட்டிருந்த மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் அழைத்ததன் பேரில், 1928 இல் வில்ஸ் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்திற்கு வந்தார்.

நோய்க்கிருமிகள் காரணமாகலாம் என்ற கருத்தும் அக்காலத்தில் இருந்தது. வில்ஸ் பெண்களின் அன்றாட உணவைக் கணக்கெடுத்தார். பழம், காய்கறி, பால் ஆகியன மிகக் குறைவாகக் கிடைத்த ஏழை முஸ்லிம் பெண்களிடமே இந்நோய் மிகுதியாக இருந்தது.

1929 கோடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திற்குச் சென்றார். ராபர்ட் மெக்காரிசன் தலைமையிலான உணவூட்ட ஆய்வகம் அங்கு இயங்கி வந்தது. (அவ்வாய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய உணவூட்ட நிறுவனமாக வளர்ந்தது.) பம்பாய்ப் பெண்கள் உண்ட அதே உணவு வெள்ளெலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. சினையுற்ற எலிகள் சோகையுற்று, ஈனும் முன்பே இறந்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது சோகை தடுக்கப்பட்டது. எனினும் பேன் வழியே பரவிய தொற்று ஒன்று அவ்வெலிகளின் குருதியைப் பாதித்திருந்ததால், முடிவுகளில் ஐயம் எழுந்தது. ஆகவே எச். எஸ். பிலிமோரியாவுடன் இணைந்து குரங்குகளில் சோதனையைத் திரும்பச் செய்தார். குறையுணவு உண்ட குரங்குகளுக்கும் அதேவகைச் சோகை உண்டாயிற்று.

1931 இன் தொடக்கத்தில் சென்னையில் கோஷா ஆசுபத்திரி என அறியப்பட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். ஆண் மருத்துவர்களிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காக 1885 இல் மேரி ஷார்லிப் நிறுவிய மருத்துவமனை அது. ஷார்லிப் வில்ஸ் பயின்ற அதே இலண்டன் பள்ளியில் படித்தவர். திருவல்லிக்கேணியிலுள்ள அம்மருத்துவமனை இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை எனப்படுகிறது.

வில்ஸ் காரணி

சோகையுற்ற கருவுற்ற பெண்களுக்கு மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு கொடுக்கப்பட்டது. சில நாட்களிலேயே அவர்களின் குருதியில் புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. இம்முடிவுகளை 1931 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வில்ஸ் வெளியிட்டார்.

அக்காலத்தில் மற்றொரு கொடிய சோகைக்கு ஈரல் சாறு மருந்தாக இருந்தது. பம்பாய்ப் பெண்கள் சுத்திகரிக்கப்படாத ஈரல் சாற்றால் குணமடைந்தனர். சுத்திகரிக்கப்பட்ட சாறு அவர்களுக்குப் பயன்படவில்லை. எனவே சுத்திகரிப்பில் நீங்கிவிடும் வேறொரு பொருளே தாம் தேடுவது என வில்ஸ் முடிவு செய்தார். சுத்திகரித்த சாற்றில் எஞ்சியது உயிர்ச்சத்து பி12 என்பதும், நீங்கியது ஃபோலேட் என்பதும் பிற்காலத்தில் விளங்கின.

1941 இல் பசலைவகைக் கீரையிலிருந்து ஃபோலிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் அமைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் அமெரிக்க ஆய்வுக்குழு 1945 இல் அதைச் செயற்கையாக உருவாக்கியது.

பிற்காலம்

இரண்டாம் உலகப்போரின்போது நோயியல் மருத்துவராகப் பணியாற்றினார். ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் முதல் குருதியியல் பிரிவை அமைத்தார். 1947 இல் ஓய்வு பெற்ற பின்னரும் ஜமைக்கா, ஃபிஜி முதலிய நாடுகளில் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். மலையேற்றத்தில் ஈடுபாடு கொண்டிருந்த இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 இல் காலமானார்.

தாக்கம்

உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதற்கு ஃபோலேட் இன்றியமையாதது. கருவும் நச்சுக்கொடியும் வளரும்போது அதன் தேவை உயர்கிறது. பற்றாக்குறை ஏற்பட்டால் எலும்பு மச்சையிலுள்ள அணுக்கள் பிரிய இயலாமல் பருத்து, சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறைகிறது.

ஃபோலேட்டின் மற்றொரு பயன் வில்ஸ் மறைந்த பிறகு உறுதியானது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடும். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பது அதற்குள் தெரிவதில்லை. முன்னர் இக்குறையுடன் குழந்தை பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் தோன்றுவது 72 விழுக்காடு குறைகிறது என 1991 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. கருத்தரிக்க முயலும் காலம் முதல் 12 வாரக் கர்ப்பம் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கு மருத்துவர் கூடுதல் அளவைப் பரிந்துரைப்பர். பி12 குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை மறையலாம், ஆனால் நரம்புப் பாதிப்பு தொடரும். வில்ஸ் பிரித்தறிந்த இரு சோகைகளின் வேறுபாடு இன்றும் முக்கியமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கீரைகள், பச்சைப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, நிலக்கடலை, முட்டை, ஈரல் ஆகியவற்றில் ஃபோலேட் உள்ளது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அதன் பெரும்பகுதி வீணாகிறது. இந்திய அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கப்படுகிறது.