கடல் தாண்டிப் போன கோள்: தத்துவ போதகரின் கதை



கோள் சொல்றது, புறம் பேசறது, போட்டுக் கொடுக்கறது. பேரு எதுவா இருந்தாலும் வேலை ஒண்ணுதான். வள்ளுவர் ‘புறங்கூறாமை’ன்னு ஒரு அதிகாரமே வச்சிருக்கார். கிறிஸ்தவ வேதத்துல பத்துக் கட்டளையில ஒண்ணு, அடுத்தவங்க மேல பொய்ச் சாட்சி சொல்லக் கூடாதுங்கறது. யாக்கோபு எழுதின நிருபம், நாக்கை ஒரு பெரிய காட்டையே கொளுத்தற சின்ன நெருப்புக்கு ஒப்பிடுது. ஆனா வேதம் படிச்ச குருமார்களே இந்த நெருப்புல விழுந்த கதை ஒண்ணு இருக்கு. அதுதான் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியோட வாழ்க்கை.

நொபிலி 1577-ல் இத்தாலியில பெரிய குடும்பத்துல பிறந்தார். சொத்து சுகத்தை விட்டு இயேசு சபையில சேர்ந்து குருவானார். 1605-ல் கோவாவில் வந்து இறங்கினார். 1606-ல் மதுரைக்கு வந்தார். அப்போ வயசு 29.

மதுரையில அவருக்கு முன்னாடியே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற வயதான குரு இருந்தார். பத்து வருஷத்துக்கு மேல உழைச்சும் மதுரைக்காரங்க யாரும் அவர்கிட்ட மதம் மாறலை. காரணம் என்னன்னா, வெளிநாட்டுக்காரங்களை மக்கள் ‘பரங்கி’ன்னு சொன்னாங்க. மாட்டுக்கறி சாப்பிடறவங்க, குடிக்கிறவங்கன்னு ஒதுக்கி வச்சாங்க.

நொபிலி யோசிச்சார். காவி உடுத்தினார். காலுக்கு மரப் பாதக்குறடு போட்டார். கறி, மீன், முட்டை எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு வேளை சாப்பாடுதான் சாப்பிட்டார். தமிழும், தெலுங்கும், சமஸ்கிருதமும் கத்துக்கிட்டார். அவர்கிட்ட பேசிப் பேசி முதல்ல கிறிஸ்தவர் ஆனவர் ஒரு பள்ளி ஆசிரியர். அப்புறம் பலர் வந்தாங்க.

இங்கதான் கோள் ஆரம்பிச்சது. பெர்னாண்டஸுக்கு இதெல்லாம் பிடிக்கலை. பூணூல், சந்தனம், குடுமி எல்லாத்தையும் பார்த்து, இவர் கிறிஸ்தவத்தையே விட்டுட்டார்னு நினைச்சார். அவருக்கு சமஸ்கிருதம் தெரியாது. நொபிலி என்ன படிக்கிறார், என்ன போதிக்கிறார்னு முழுசா தெரிஞ்சுக்க வழியில்லை. தெரியாததைக் கேட்டுத் தெளிஞ்சுக்கலாம். சகோதரன் தப்பு செஞ்சா முதல்ல தனியாப் போய் அவன்கிட்டயே சொல்லணும்னு மத்தேயு நற்செய்தியில இயேசு சொல்லிக் கொடுத்திருக்கார். ஒரே ஊர்ல இருந்தும் அது கைகூடலை. 1610-ல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினார்.

அந்தக் காலத்துல போன் கிடையாது. கப்பல்தான். கடிதம் போய்ச் சேரவே மாசக்கணக்காகும், பதில் வர இன்னும் ஆகும். ஆனா வதந்திக்கு மட்டும் எப்படியோ கால் முளைச்சுடும்! நொபிலி இந்து ஆயிட்டார்னு ரோமாபுரி வரைக்கும் பேச்சு போயிடுச்சு. அவரோட உறவினர் கர்தினால் பெல்லார்மின் பெரிய அறிஞர். அவரே அதை நம்பி, மனசு நொந்து நொபிலிக்குக் கடிதம் எழுதினார். சொந்தக்காரங்களே சந்தேகப்பட்டா எப்படி இருக்கும்? நொபிலி பொறுமையா எல்லாத்தையும் விளக்கி எழுதினார். உண்மை தெரிஞ்சதும் பெல்லார்மின் அவர் பக்கம் நின்னார்.

இன்னொரு பக்கம் மதுரையில வேற வதந்தி. இவரும் பரங்கிதான், வேஷம் போடறார்னு கிசுகிசுத்தாங்க. நொபிலி தான் யார், எங்கிருந்து வந்தேன்னு ஓலையில எழுதி வீட்டு வாசல்லயே மாட்டி வச்சார். அங்க இந்து ஆயிட்டார்னு பழி, இங்க பரங்கின்னு பழி. ஒரே ஆள் மேல ஒண்ணுக்கொண்ணு நேர்மாறா ரெண்டு கதை! கோளுக்கு உண்மை தேவையே இல்லைன்னு இதுலயே தெரியுது.

1619-ல் கோவாவில் பெரிய விசாரணைக் கூட்டம் நடந்தது. பெரும்பாலானவங்க அவருக்கு எதிராப் பேசினாங்க. அவர் ஓடி ஒளியலை. நூல்களை ஆதாரம் காட்டி வாதாடினார். கடைசியில 1623 ஜனவரி 31 அன்று போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு கொடுத்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வழக்கமா இருக்கலாம், மூடநம்பிக்கையா மட்டும் இருக்கக் கூடாதுன்னு அனுமதி தந்தார். ஒரு கடிதத்தால வந்த பழி தீர 13 வருஷம் ஆச்சு!

ஒண்ணு சொல்லணும். நொபிலி சாதி வேறுபாட்டை எதிர்க்காம ஏத்துக்கிட்டது தப்புன்னு இன்னிக்கும் அறிஞர்கள் எழுதறாங்க. அது நியாயமான கேள்வி. அது கோள் இல்லை. காரணத்தோட வெளிப்படையாச் சொல்றது விமர்சனம். தெரியாததை முதுகுக்குப் பின்னாடி சொல்றதுதான் கோள். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்.

நொபிலி தமிழ் உரைநடைக்குப் பெரிய முன்னோடி. ‘ஞானோபதேச காண்டம்’, ‘ஆத்தும நிர்ணயம்’ போன்ற நூல்கள் எழுதினார். ஒரு நூலுக்குப் பெயரே ‘தூஷண திக்காரம்’. அதாவது பழிச்சொற்களுக்கு மறுப்பு! திட்டினவங்களைத் திட்டாம எழுத்தாலயே பதில் சொன்னார்.

வயசான காலத்துல கண் பார்வை மங்கிப் போச்சு. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாங்க. பிறகு மயிலாப்பூருக்கு வந்து எளிமையா ஒரு குடிசையில வாழ்ந்தார். 1656 ஜனவரி 16 அன்று அங்கேயே இறந்தார். நம்ம தாம்பரத்துல இருந்து மயிலாப்பூர் ஒண்ணும் ரொம்பத் தூரம் இல்லை. இத்தாலியில பிறந்தவர் நம்ம ஊர்ப் பக்கத்து மண்ணுலதான் முடிஞ்சார்.

நண்பர்களே, பெர்னாண்டஸ் கெட்டவர் இல்லை. தான் செய்யறது சரின்னு நம்பித்தான் எழுதினார். அதுதான் பயமே! கோள் சொல்ற யாரும் தன்னைக் கெட்டவங்கன்னு நினைக்கறதில்லை. நொபிலிக்கு வாதாடத் தெரிஞ்சுது, உதவி செய்யப் பெரியவங்களும் இருந்தாங்க. நம்ம வகுப்புல ஒரு பிள்ளையைப் பத்தி நாம பேசினா, அந்தப் பிள்ளைக்கு யார் தீர்ப்பு கொடுப்பாங்க? பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்கு வரவே பயப்படுவாங்க.

அதனால யாராவது காதுல வந்து ஒண்ணு சொன்னா, அவங்ககிட்டயே கேட்டியான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பாதிக் கோள் அங்கேயே நின்னுடும்.

சிந்தனைத் துளி:
சொன்னவனுக்கு ஒரு நிமிஷம்,
கேட்டவனுக்கு ஒரு நாள்,
பட்டவனுக்குப் பல வருஷம்!

– 9-ம் வகுப்பு மாணவி