மடியில் இருந்த பணம்: அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்து



ஜனாஸா தொழுகைக்கு முன்னால் நாம் வழக்கமாக ஓர் அறிவிப்புச் செய்வோம். மய்யித்தோடு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவித்துக் கொள்ளுங்கள் என்போம். மகன் ஓரமாக நின்று தலையாட்டுவார். மூன்று நாள் கழித்து ஒருவர் கையில் ஒரு தாளோடு வருவார். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனிதருக்கு இவ்வளவு கடன் இருந்தது என்பது, இத்தாவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரியவரும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து மாதாமாதம் அனுப்பிய மனிதர் பத்து வருஷம் கழித்து ஊர் வந்து கேட்கும்போது, நகை அடகில் இருக்கிறது, பணம் யாருக்கோ கைமாற்றாகப் போயிருக்கிறது என்று தெரியவரும்.

இந்த வாரம் உங்களுக்கு அஸ்மா (ரலி) அம்மையாரைப் பற்றிச் சொல்ல நினைத்ததற்கு இதுதான் காரணம். அவர்களை நீங்கள் அறிவீர்கள். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மூத்த மகள். ஆயிஷா நாயகியின் அக்கா. ஹிஜ்ரத்தின்போது பயணச் சாப்பாட்டைக் கட்டக் கயிறு இல்லாமல் தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்தவர்கள். அதனாலேயே தாத்துந் நிதாகைன், இரண்டு கச்சை உடையவர் என்று பெயர் வாங்கியவர்கள். நாம் பெரும்பாலும் அந்தக் கச்சையோடு நிறுத்தி விடுகிறோம். அவர்கள் வீட்டில் பணம் எப்படிப் புழங்கியது என்று யாரும் பேசுவதில்லை.

ஹிஜ்ரத் நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். அபூபக்ர் (ரலி) புறப்படும்போது கையில் இருந்த ரொக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 5,000 அல்லது 6,000 திர்ஹம் என்று வரலாற்றில் வருகிறது. வீட்டில் பெண்களும் பிள்ளைகளும்தான் மிச்சம். அப்போது பாட்டனார் அபூ குஹாஃபா வந்தார்கள். கண் பார்வை போனவர், அன்றைக்கு இஸ்லாத்திலும் இல்லை. மகன் தானும் போய்விட்டான், பணத்தையும் கொண்டுபோய் உங்களைத் தவிக்க விட்டுவிட்டான் போலிருக்கிறதே என்று வருத்தப்பட்டார்கள். அஸ்மா (ரலி) என்ன செய்தார்கள் தெரியுமா? சில கற்களைப் பொறுக்கி, தந்தை பணம் வைக்கும் மாடத்தில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, கிழவரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்கள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு விட்டுப் போயிருந்தால் சரிதான் என்று நிம்மதியாகப் போய்விட்டார்.

உண்மையில் தந்தை எதுவும் விட்டுப் போகவில்லை, அந்த முதியவரின் மனம் அமைதியடையட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பிற்காலத்தில் அஸ்மா (ரலி) தாமே சொன்னார்கள். அவர்கள் சொன்னதால்தான் நமக்கே தெரியும்.

இந்தச் சம்பவத்தைக் கேட்டதும் சில ஆண்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடும். நானும் அப்படித்தான், அவள் கவலைப்படுவாளே என்றுதான் கடனைச் சொல்லவில்லை என்பார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அபூ குஹாஃபா அந்த வீட்டுச் செலவுக்குப் பொறுப்பானவர் அல்ல. மாடத்தில் இருப்பது கல்லா காசா என்பதால் அவர் தலையில் ஒரு சுமையும் ஏறப்போவதில்லை. மனைவியின் நிலை அதுவா? மவ்த்துக்குப் பிறகு முதலில் கடன், அதன் பின்தான் வாரிசுப் பங்கு. மாடத்தில் கல்லை வைத்து வருஷக்கணக்கில் மனைவியின் கையைப் பிடித்துத் தடவ வைத்தால், ஒரு நாள் அந்தத் துணியை விலக்கப் போவது அவள்தான்.

சரி, அஸ்மா (ரலி) அவர்களின் கணவர் யார்? ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி). பெருமானாரின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகன். சுவனத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஆனால் நிகாஹ் நடந்தபோது அவரிடம் ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு சொத்தே இல்லை. மக்காவின் பெரிய வியாபாரியின் மகள், தெரிந்தேதான் அந்த வீட்டுக்குப் போனார்கள். குதிரைக்குத் தீனி போட்டது அவர்கள். தண்ணீர் இறைத்தது, தோல் வாளியைத் தைத்தது, மாவு பிசைந்தது எல்லாம் அவர்கள். ரொட்டி சுடத்தான் சரியாக வராது. பக்கத்து வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பெண்களைப் பற்றி, வாய்மையான பெண்கள் என்று அஸ்மா (ரலி) நன்றியோடு குறிப்பிடுகிறார்கள். தனக்கு ரொட்டி சுட வராது என்பதையும் மறைக்கவில்லை பாருங்கள்.

ஸுபைர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) ஒதுக்கிக் கொடுத்த நிலம் ஒரு ஃபர்ஸக்கில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருந்தது. நம் கணக்கில் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். ஒருநாள் அப்படி வரும்போது அண்ணலார் அன்ஸாரிகள் சிலரோடு எதிரே வந்தார்கள். பின்னால் ஏற்றிக்கொள்ள ஒட்டகத்தைப் படுக்க வைத்தார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்கு ஆண்களோடு போக வெட்கம். கணவரின் ரோஷமும் நினைவுக்கு வந்தது. அண்ணலார் அதைப் புரிந்துகொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அப்படியே ஸுபைரிடம் சொன்னார்கள். நீ அவர்களோடு ஏறி வருவதை விட, தலையில் கொட்டையைச் சுமந்து வருவதுதான் எனக்குப் பெரிய வேதனை என்றார் அவர். கணவரின் இயலாமையை மனைவி அறிந்திருந்தார்கள், மனைவியின் சுமையைக் கணவர் அறிந்திருந்தார். இல்லாமையை ஒருவருக்கொருவர் மறைக்காத வீடு அது. பிறகு அபூபக்ர் (ரலி) ஒரு பணியாளை அனுப்பிக் குதிரை வேலையிலிருந்து விடுவித்தபோது, தன்னையே உரிமை விட்டது போல் இருந்தது என்று அஸ்மா (ரலி) சொன்னார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அஸ்மா (ரலி) கொடுக்கும் கை உள்ளவர்கள். ஆனால் கையில் இருப்பது யாருடையது? ஒருநாள் நேராக நபியிடமே போய்க் கேட்டார்கள். ஸுபைர் கொண்டுவந்து தருவதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை, அதிலிருந்து நான் ஸதகா செய்யலாமா என்று. கொடு, முடிந்து வைத்துக்கொள்ளாதே, நீ முடிந்து வைத்தால் அல்லாஹ்வும் உனக்குத் தராமல் நிறுத்திவிடுவான் என்ற கருத்தில் பதில் வந்தது. இதற்கு இமாம் நவவீ (ரஹ்) தரும் விளக்கத்தைக் கவனியுங்கள். கணவர் அவருக்கென்று கொடுத்த செலவுப் பணத்திலிருந்து, அல்லது அவர் மனம் சம்மதிக்கும் என்று தெரிந்த அளவில்தான் இந்த அனுமதி.

இதே போல் இன்னொரு பெண்ணும் கேட்டார். அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி). கணவர் கஞ்சத்தனம் உள்ளவர், எனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை, அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் உண்டு என்றார். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள் என்று அனுமதி கிடைத்தது. நம் பெண்களில் பலர் இந்த ஹதீஸை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், அதிலும் முன்பாதியை மட்டும்! அது வயிற்றுக்கும் துணிக்கும் போதாத வீட்டுக்கு வந்த சட்டம். தாராளமாகச் செலவுக்குத் தரும் கணவரின் பையிலிருந்து எடுத்துத் தனியாகச் சீட்டுக் கட்டுவதற்கு அதில் இடமில்லை. ஆண்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹிந்த் (ரலி) மறைந்து எடுக்கும் நிலைக்கு வந்தது கணவரின் இறுகிய கையால்தான்.

சொந்தத் தாய் விஷயத்தில்கூட அஸ்மா (ரலி) கேட்காமல் எதையும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. தாயார் குதைலா இஸ்லாத்துக்கு வராதவர். மகளைப் பார்க்க அன்பளிப்புகளோடு மதீனா வந்தார். நபியிடம் விளக்கம் கேட்டு, சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வரும்வரை, அன்பளிப்பும் வாசலில், தாயும் வாசலில்.

இனி, கணவருக்குத் தெரியாமல் அஸ்மா (ரலி) ஒன்றுமே செய்ததில்லையா? ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் ஏழை வந்து, உங்கள் வீட்டு நிழலில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொள்கிறேன் என்று அனுமதி கேட்டார். அஸ்மா (ரலி) யோசித்தார்கள். நான் சரி சொல்லி ஸுபைர் மறுத்துவிட்டால்? அவர் இருக்கும்போது வந்து கேள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மனிதர் அப்படியே வந்து கேட்டார். உடனே அஸ்மா (ரலி), மதீனாவில் என் வீட்டைத் தவிர உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்றார்கள். ஸுபைர் (ரலி) திரும்பி, ஓர் ஏழை வியாபாரம் செய்வதை ஏன் தடுக்கிறாய் என்று மனைவியைக் கேட்டார். அனுமதி கிடைத்துவிட்டது! கணவரின் சுபாவம் அறிந்த ஒரு பெண்ணின் சாதுரியம் இது. ஆனால் முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டு நிழலைக் கொடுக்கவில்லை.

அதே அறிவிப்பின் கடைசியில்தான் நம் தலைப்பு வருகிறது. அந்த வியாபாரி நாலு காசு சம்பாதித்த பிறகு, அஸ்மா (ரலி) தமக்குச் சொந்தமாகக் கிடைத்திருந்த அடிமைப் பெண்ணை, அக்கால வழக்கப்படி, அவரிடமே விற்றார்கள். விலைப்பணம் மடியில் இருக்கிறது. ஸுபைர் (ரலி) உள்ளே வருகிறார். பணத்தைப் பார்த்து, எனக்குக் கொடேன் என்று கேட்கிறார். இதை நான் ஸதகா செய்துவிட்டேன் என்று அஸ்மா (ரலி) சொல்லிவிட்டார்கள். அறிவிப்பு அங்கேயே முடிகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கணவரின் காலடிச் சத்தம் கேட்டதும் முந்தானைக்குள் மறைத்திருக்கலாம். எந்தப் பணம் என்று கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருடையது என்று சொல்லியிருக்கலாம். பணம் அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பதிலும் முகத்துக்கு நேராக. மனைவியின் சொந்தப் பொருள் மனைவிக்கே உரியது என்பது நம் மார்க்கம். அதைக் கணவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்டது ஸுபைர் போன்ற ஒரு ஸஹாபி, மறுத்தது அவருக்காகக் கொட்டை சுமந்த பெண். உரிமை இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு ஒளிக்க வேண்டிய அவசியம் வராது. நம் வீடுகளில் மனைவி தன் நகையை ஒளிப்பதற்குப் பாதிக் காரணம், கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நாம் ஆக்கி வைத்திருப்பது.

காலம் போனது. அவர்கள் இல்வாழ்க்கை மணவிலக்கில் முடிந்தது. ஸுபைர் (ரலி) கண்டிப்பான சுபாவம் உள்ளவர். அஸ்மா (ரலி) அதன் பின் மகன் அப்துல்லாஹ்வோடு வாழ்ந்தார்கள். பணத்தில் ஒளிவு மறைவில்லாத வீட்டிலும் பிரிவு வந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஹிஜ்ரி 36, ஜமல் போர் நாள். தாம் இன்று கொல்லப்படலாம் என்று உணர்ந்த ஸுபைர் (ரலி), அதே மகன் அப்துல்லாஹ்வை அழைத்தார்கள். சொன்னது தம் கடனைப் பற்றி. அதுதான் தமக்குப் பெரிய கவலை, சொத்துகளை விற்றுக் கடனை அடைத்துவிடு, முடியாமல் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றார்கள். யார் அந்த எஜமானன் என்று மகனுக்குப் புரியவில்லை. கேட்டபோது, அல்லாஹ் என்றார்கள். அப்துல்லாஹ் (ரலி) கணக்குப் போட்டுப் பார்த்தால் 22 லட்சம்! ஆடம்பரத்தால் வந்த கடன் அல்ல. மக்கள் அமானிதமாகப் பணம் கொண்டுவந்தால், தொலைந்துவிடுமோ என்று பயந்து, அமானிதமாக வேண்டாம், கடனாகத் தாருங்கள், அப்போது நான் பொறுப்பு என்பார்கள். கையில் ஒரு தீனாரோ திர்ஹமோ விட்டுச் செல்லவில்லை. நிலங்களும் வீடுகளும்தான். 1,70,000 கொடுத்து வாங்கிய காபா நிலம் 16 லட்சத்துக்குப் போனது.

கடன் தீர்ந்ததும் சகோதரர்கள் பங்கு கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) உடனே பிரிக்கவில்லை. நான்கு வருஷம் ஹஜ்ஜுக் காலத்தில் மக்கள் கூடும் இடத்தில் அறிவிப்புச் செய்தார்கள். ஸுபைரிடம் கடன் பாக்கி உள்ளவர் வாருங்கள், நாங்கள் கொடுக்கிறோம் என்று. அதன் பிறகே பங்கீடு. நான்கு மனைவியருக்கும் ஆளுக்கு 12 லட்சம் கிடைத்தது. எந்த மனைவியின் வாசலிலும் கடன்காரர் வந்து நிற்கவில்லை. இந்த அமானிதத்தை நிறைவேற்றியவர் அஸ்மா வளர்த்த மகன்.

அந்த மகன்தான் இன்னொன்றும் சொன்னார். சிறிய தாயார் ஆயிஷாவையும் என் தாயார் அஸ்மாவையும் விடக் கொடையாளியான பெண்களை நான் பார்த்ததில்லை, ஆயிஷா சேர்த்து வைத்துப் பிறகு பங்கிடுவார்கள், என் தாயார் நாளைக்கென்று எதையும் வைக்க மாட்டார்கள் என்ற கருத்தில்.

ஆயிஷா (ரலி) மறைந்தபோது அஸ்மா (ரலி) அவர்களுக்குக் காபாவில் கொஞ்சம் சொத்து வாரிசாக வந்தது. முஆவியா (ரலி) அதற்கு ஒரு லட்சம் விலை பேசினார்கள். அஸ்மா (ரலி) அதை விற்கவில்லை. உறவில் இருந்தும் அந்தச் சொத்தில் பங்கு கிடைக்காத காஸிம் இப்னு முஹம்மத், இப்னு அபீ அதீக் இருவரையும் அழைத்து, இது எனக்கு இப்படி வந்தது, இதற்கு இவ்வளவு விலை கேட்டார்கள், இனி இது உங்கள் இருவருக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வந்த வழியையும் விலையையும் சேர்த்தே சொன்னார்கள்.

ஹிஜ்ரி 73-ல் மக்காவில் மகன் அப்துல்லாஹ் (ரலி) ஷஹீதாக்கப்பட்டு, உடல் தொங்கவிடப்பட்டதைத் தாங்கிக்கொண்ட பிறகு, அதே ஆண்டில் சில நாட்களிலேயே அஸ்மா (ரலி) மவ்த்தானார்கள். வயது ஏறக்குறைய நூறு. கண் பார்வை போயிருந்தது, பாட்டனார் அபூ குஹாஃபாவைப் போலவே.

அல்லாஹ் அந்த அம்மையாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.