கடலோடியின் நினைவில் நின்ற மலை

உலகைச் சுற்றிவரும் உல்லாசப் பயணக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் தரிப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். காலையில் இறங்கும் பயணிகள் சில மணி நேரத்துள் நகரைப் பார்த்து, இரத்தினக்கல் கடையொன்றில் நீலக்கல் மோதிரம் ஒன்றை வாங்கிக்கொண்டு மாலையில் கப்பலேறிவிடுகின்றனர். அடுத்த துறைமுகம் வந்ததும் இந்தத் துறைமுகம் ஒரு புகைப்படமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால், ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இத்தீவின் கரையில் வந்திறங்கிய ஒரு பயணியின் நினைவுகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. அவரைக் கரைக்கு இழுத்துவந்தது காற்று. உள்நாட்டுக்கு இழுத்துச்சென்றது சப்ரகமுவவின் எல்லையில் நிமிர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலை. அவர்தான் இப்னு பதூதா.

மொரோக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில், சட்ட அறிஞர்களையும் காதிமாரையும் தந்த குடும்பமொன்றில் 1304ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அவர் பிறந்தார். ஹஜ் கடமையை நிறைவேற்றும் நோக்குடன் 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனியே வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். பிரிவு இரு தரப்பினருக்கும் பெருந்துயராக இருந்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மக்காவை அடைந்ததோடு அவரது பயணம் முடிந்துவிடவில்லை. ஈராக், பாரசீகம், யெமன், ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொகதிஷு, மொம்பாசா, கில்வா, பின்னர் அனத்தோலியா, மத்திய ஆசியா என அது நீண்டது. இறுதியில் டில்லியை அடைந்தார். அங்கு சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காதியாக நியமித்தார்.

சில ஆண்டுகளின் பின்னர் சீனப் பேரரசருக்கான தூதராக சுல்தான் அவரை அனுப்பிவைத்தார். கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் பரிசுப் பொருட்களை ஏற்றிய கப்பல் புயலில் சிதைந்தது. வெறுங்கையுடன் டில்லிக்குத் திரும்பினால் சுல்தானின் சினத்துக்கு ஆளாக நேரும் என்று அஞ்சிய அவர், மாலைதீவுக்குச் சென்றார். அங்கும் காதிப் பதவி கிடைத்தது. திருமண உறவுகளும் ஏற்பட்டன. ஆட்சியாளர்களோடு முரண்பாடு முற்றியபோது, 1344ஆம் ஆண்டில் தமிழகத்தின் கரையான மஃபரை நோக்கிக் கப்பலேறினார். கப்பல் திசை தவறியது. ஒன்பதாம் நாள் தொலைவில் புகைத்தூண் போன்று வானை நோக்கி எழுந்து நிற்கும் மலையொன்று தென்பட்டது. அரபு மாலுமிகள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த ஸரந்தீபின் ஆதம் மலை அது.

கப்பல் ஒதுங்கிய கரை இன்றைய புத்தளம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் ஆதிக்கத்தின் கீழ் அப்போது அது இருந்தது. அம்மன்னரின் கப்பல்களைக் குறித்து மாலுமிகள் அஞ்சினர். ஆயினும் நடந்தது வேறு. தமிழ் மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக்கூடியவராக இருந்தார். அந்நியரை அருகில் அமர்த்தி, தொலைதூர நாடுகளையும் அவற்றின் அரசர்களையும் பற்றி ஆவலுடன் கேட்டறிந்தார். தம் முன்னால் குவிந்திருந்த முத்துக்களைக் காட்டி அவற்றின் தரம் பற்றி வினவினார். மூன்று நாட்கள் விருந்தோம்பிய பின்னர், வேண்டியதைக் கேட்கும்படி மன்னர் பணித்தபோது, இப்னு பதூதா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மலையிலுள்ள ஆதி பிதாவின் பாதச்சுவட்டைக் காண வழி செய்துதர வேண்டும்.

மன்னர் அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் அளித்தார். அந்தத் துணைக்குழுவில் ஆண்டுதோறும் மலையேறும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமப்போர் பதினைந்து பேர் இருந்தனர். அவர் திரும்பி வரும்வரை கப்பலும் கரையில் காத்திருந்தது. ஒரு சைவ மன்னரின் செலவில், பிராமணர்களும் யோகிகளும் வழிகாட்ட, மொரோக்கோ நாட்டு முஸ்லிம் அறிஞர் ஒருவர், பௌத்த மன்னரின் ஆட்சிக்குட்பட்ட பகுதியூடாக மலைக்குச் சென்ற நிகழ்ச்சி இது. நமது தீவின் வரலாற்றில் இதற்கு ஈடான காட்சிகள் அதிகமில்லை.

சிலாபம் எனக் கருதப்படும் துறையைக் கடந்து, குருநாகல் என ஆய்வாளர் பலர் கொள்ளும் தலைநகரையும் அவர் கண்டார். அங்கு ஷீராஸ் நகரைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. மலைக்குச் செல்வோருக்கு வழிகாட்டியாக இருந்த அப்பெரியார், பசுவொன்றை அறுத்தமைக்காகக் கையும் காலும் துண்டிக்கப்பட்டவர். அக்குற்றத்துக்கு நாட்டு வழக்கப்படி மரணமே தண்டனை. மக்கள் அவர்மீது கொண்டிருந்த மதிப்பினால் தண்டனை குறைக்கப்பட்டு, சந்தையொன்றின் வருமானமும் அவருக்கு ஒதுக்கப்பட்டது. அவருக்குப் பின் அவரது பிள்ளைகள் வழிகாட்டும் பணியைத் தொடர்ந்தனர். அக்கால ஒற்றுமையை உரசலே இல்லாத பொற்காலமாக நாம் கற்பனை செய்யத் தேவையில்லை. உரசல் இருந்தது, கொடுமையும் இருந்தது. அவற்றை மீறிச் சேர்ந்து வாழும் ஏற்பாடும் இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

இரத்தினங்களைப் பற்றிய அவரது பதிவு இரத்தினபுரி வாசகர்களுக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றும். நிலத்தில் ஒரு துண்டை விலைக்கு வாங்குபவர் அதைத் தோண்டிக் கற்களைத் தேடுவார் என்றும், கிடைக்கும் வெண்ணிறக் கற்களைப் பட்டைதீட்டுவோரிடம் கொடுத்து உள்ளிருக்கும் மணியை வெளிப்படுத்துவார் என்றும், சிவப்பு, மஞ்சள், நீலம் என அவை பல நிறத்தன என்றும் அவர் குறித்துள்ளார். நூறு பணம் பெறுமதியை எட்டும் கல் மன்னருக்கு உரியது; அவர் அதற்கான விலையைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வார். அதற்குக் குறைந்தவை கண்டெடுத்தவருக்கே சொந்தம். இல்லம் எனப்படும் பரல் மண்ணை வாரியெடுத்து நீரில் அரித்துக் கல் தேடும் குடும்பங்கள் இன்றும் இரத்தினபுரியில் உள்ளன. குழி தோண்டுபவர், முதலிடுபவர், வெட்டுபவர், விற்பவர் எனச் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் இத்தொழிலில் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்து வந்துள்ளனர்.

மலைப்பாதையில் அவரைப் பெரிதும் துன்புறுத்தியவை அட்டைகள். ஈரப் புல்லிலும் மரக்கிளையிலும் இருந்து பாய்ந்து பற்றும் அவற்றின் மேல் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து விழச்செய்யும் வழக்கத்தை அவர் குறித்துவைத்தார். தேயிலை மலைகளில் கொழுந்து பறிக்கும் நமது தாய்மாருக்கு இதனை யாரும் விளக்கத் தேவையில்லை. பாவா வழி, மாமா வழி என்று ஆதம், ஹவ்வா பெயரால் வழங்கிய இரு பாதைகளில், கடினமான பாவா வழியாக ஏறி இலகுவான மாமா வழியாக இறங்கினார். செங்குத்தான பாறையில் பிடித்தேறுவதற்கெனப் பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவது சங்கிலியை அடைந்தவர் கீழே நோக்கி அஞ்சி, கலிமாவை மொழிவது வழக்கமாதலால் அது அப்பெயராலேயே அழைக்கப்பட்டது. கிள்ர் நபியின் பெயர் தாங்கிய குகையில் தங்கி, மூன்று நாட்கள் காலையும் மாலையும் பாதச்சுவட்டைத் தரிசித்தார். அது பதினொரு சாண் நீளமுடையது எனக் கணக்கிட்டார். ஏனைய சமயத்தவர் பாறைக் குழிகளில் இட்டுச்செல்லும் பொன்னையும் மணிகளையும் ஏழைப் பக்கீர்கள் எடுத்துக்கொள்வதையும் கண்டார். இந்தியாவில் தாம் கண்டதற்கு மாறாக, இத்தீவின் மக்கள் முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளிப்பதை வியப்புடன் பதிவுசெய்தார்.

மலையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனைக்குச் சென்றார் என்பதனால், இன்றைய இரத்தினபுரி மாவட்டத்தின் நிலப்பரப்பு அவரது காலடியை அறிந்திருக்கும் என்று கொள்வது தவறாகாது. தேவேந்திரமுனையில் ஆயிரம் பிராமணர்கள் பணிபுரிந்த பெருங்கோயிலைக் கண்டார். 1588இல் போர்த்துக்கேயர் அழித்த கோயில் அதுவே. பின்னர் காலி, கொழும்பு வழியாகத் தமக்காகக் காத்திருந்த கப்பலுக்குத் திரும்பினார். அவர் வந்துபோன சுமார் அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ காலிக்குக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் இடம்பெற்றன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறும் அக்கல், 1409ஆம் ஆண்டுத் திகதியுடன் கொழும்பு தேசிய நூதனசாலையில் இன்றும் உள்ளது. ஆரியச்சக்கரவர்த்தியின் அவையில் தமிழும் பாரசீகமும் அருகருகே அமர்ந்தமை தற்செயல் அல்ல என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அவரது பிற்கால வாழ்வு துயரம் மிகுந்தது. இலங்கையிலிருந்து சென்ற கப்பல் தமிழகக் கரையருகே புயலில் சிக்கியது. உடனிருந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, சிதைந்த கப்பலின் பின்பகுதியில் விடியும்வரை தனித்திருந்தார். கரையோர மக்கள் படகில் வந்து காப்பாற்றினர். மதுரை சுல்தான் கியாசுத்தீன் தம் மனைவி ஒருவரின் சகோதரியை மணந்தவராயினும், சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொல்வித்ததை இப்னு பதூதா மறைக்கவில்லை. அக்கொடுமைக்காகவே இறைவன் அவரது அழிவை விரைவுபடுத்தினான் என்று எழுதத் தயங்கவுமில்லை. மதமும் உறவும் ஒன்றாயிருந்தும் கொடுமையைக் கொடுமை என்றே சொன்ன அந்த நேர்மை போற்றத்தக்கது. பின்னர் மலபார்க் கரையருகே கடற்கொள்ளையர் அவரது உடைமை அனைத்தையும் பறித்தனர். இலங்கை மன்னர் அளித்த முத்துக்களும் மாணிக்கங்களும் அவற்றோடு போயின. காற்சட்டையொன்று மட்டுமே எஞ்ச, அவர் கள்ளிக்கோட்டையை அடைந்தார்.

வங்காளம், சுமாத்திரா, சீனா எனப் பயணம் தொடர்ந்தது. 1348இல் டமஸ்கஸ் வந்தபோது தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டதையும், அங்கு விட்டுச்சென்ற மகன் இறந்ததையும் அறிந்தார். 1349இல் தாயகத்தை அண்மித்தபோது, தாயும் அப்போது பரவிய கொள்ளைநோய்க்குப் பலியானதைக் கேள்வியுற்றார். பின்னர் கிரனாடாவுக்கும் மாலிப் பேரரசுக்கும் சென்று திரும்பிய அவரிடம், மொரோக்கோ சுல்தான் அபூ இனான் பயண நினைவுகளைக் கூறும்படி பணித்தார். அவர் சொல்லச்சொல்ல இப்னு ஜுஸய் எழுதி முடித்த ரிஹ்லா 1355இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 1,20,000 கிலோமீற்றர் பயணத்தின் கணக்கு அதில் அடங்கியுள்ளது. சில பகுதிகள் முந்திய நூல்களிலிருந்து பெறப்பட்டவை என்றும், சீனப் பயண விவரங்கள் ஐயத்துக்குரியவை என்றும் ஆய்வாளர் கூறுவர். அடிமைகளை வாங்கியதும், மனைவியரைத் துறைமுகந்தோறும் விட்டுப் பிரிந்ததும் இன்றைய வாசகரை உறுத்தும். அவர் தம் காலத்தின் மனிதர் என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. 1368ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார். ஐரோப்பிய அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி அச்சிட்ட பின்னரே உலகம் அவரைப் பரவலாக அறிந்தது.

கொள்ளையர் கையில் மாணிக்கங்கள் போயின. கேட்டுப் பெற்ற மலைத் தரிசனத்தை எவராலும் பறிக்க இயலவில்லை. அம்மலை இன்று நமக்கு என்னவாக இருக்கிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. சிவனொளிபாதமலை, ஸ்ரீபாத, பாவா ஆதம் மலை என ஒவ்வொரு சமூகமும் தத்தம் பெயரால் அழைத்தும், ஒரே படிக்கட்டில் ஏறி வந்துள்ளது. அதே இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடைக்கு அருகிலுள்ள கூரகல, ஜெய்லானியாக முஸ்லிம்கள் நெடுங்காலம் தரிசித்த இடமாக இருந்தும், அண்மைய தசாப்தங்களில் உரிமைப் பிணக்குக்கு உள்ளானதையும் நாம் அறிவோம். புனிதத் தலமொன்று யாருக்கு மட்டும் சொந்தம் என்ற வினா எழும்போதெல்லாம், பிராமணரும் யோகிகளும் முன்னே நடக்க மலையேறிய அந்தப் பயணியை நினைவிற்கொள்வது நன்று. வழிகாட்டியவர்கள் அவரது நம்பிக்கை எதுவென்று தெரிந்தே வழிகாட்டினர். அவரும் அவர்களது நம்பிக்கை எதுவென்று தெரிந்தே பின்தொடர்ந்தார்.

இரத்தினபுரியின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு சொல்லப்பட வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும், நகரத்து முஸ்லிம் பிள்ளையும், கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் தெளிந்த காலையொன்றில் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது அந்த ஒரே சிகரமே.