ஓடும் இன்ஜினுக்கே எண்ணெய் கொடுத்தவர்... யார் இந்த எலைஜா மெக்காய்?

சித்திரைத் திருவிழா வந்துட்டா தேனி - கம்பம் சாலையில் இருக்கும் வீரபாண்டி வண்டிகளால் நிரம்பிடும். கௌமாரியம்மன் கோயிலுக்கு வரும் வண்டிகளுக்குக் காற்று பிடிக்க, பஞ்சர் கடை கம்ப்ரசர் ஓய்வில்லாம ஓடும். அது சூடேறி மடக்குன்னு நின்னுடாம காப்பது உள்ளே இருக்கும் எண்ணெய்தான். மெஷினுக்கு எண்ணெய் போடும் முறையையே மாற்றியவர் எலைஜா மெக்காய்.

யார் இவர்?

அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து கனடாவுக்குத் தப்பிய தம்பதியின் மகன். 1840களில் ஒன்டாரியோவில் பிறந்தார். 15 வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கற்றார். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் அமெரிக்காவில் இன்ஜினியர் வேலை கிடைக்கல. மிச்சிகன் ரயில்வேயில் கரி அள்ளிப் போடுவதும், இன்ஜினுக்கு எண்ணெய் விடுவதும்தான் கிடைத்த வேலை.

என்ன கண்டுபிடித்தார்?

அப்போதெல்லாம் ரயிலை அடிக்கடி நிறுத்தி, ஆள் இறங்கி, கையால் எண்ணெய் விடணும். தாமதமானால் பாகங்கள் உரசித் தேயும். நீராவியின் அழுத்தத்தாலேயே ஓடும்போது எண்ணெய் போய்ச் சேரும் கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்றார். வாழ்நாளில் வாங்கியவை சுமார் 57 காப்புரிமைகள். பெரும்பாலும் எண்ணெயிடும் கருவிகளுக்கே.

கடைசிக் காலம்

சொந்தமாகத் தயாரிக்க முதல் இல்லாததால் பல உரிமைகளை விற்றுவிட்டார்; லாபம் மற்றவர்களுக்குப் போனது. 1920இல்தான் டெட்ராய்ட்டில் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். அழுத்தக் காற்றில் இயங்கும் ஏர் பிரேக்குக்கும் தன் முறையைக் கொண்டுபோனார். 1922இல் கார் விபத்து. அதில் காயமடைந்த மனைவி மேரியை இழந்தார். 1929இல் ஆதரவற்றோர் விடுதி ஒன்றில் உயிர் பிரிந்தது. 2012இல் டெட்ராய்ட்டில் திறந்த அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு அவர் பெயரையே வைத்தனர்.

உங்க கம்ப்ரசருக்கு...

* பைக் இன்ஜின் ஆயில் வேண்டாம். கம்பெனி சொன்ன கிரேடில் கம்ப்ரசர் ஆயில் ஊற்றுங்க.
* கண்ணாடியில் தெரியும் அளவுக்குறியை தினமும் பாருங்க. குறைந்தாலும் ஆபத்து, அதிகமானால் காற்றோடு எண்ணெய் வரும்.
* பால் மாதிரி வெளுத்தால் தண்ணி கலந்திருக்கு. உடனே மாத்துங்க.
* டேங்க் அடியில் தேங்கும் தண்ணியை தினமும் திறந்து விடுங்க.

ரயிலை நிறுத்தாம எண்ணெய் போட வழி சொன்னவர் மெக்காய். ஆனா கம்ப்ரசர் ஆயிலைப் பார்க்கவும் மாத்தவும் மெஷினை நிறுத்தி, காற்றை வெளியேற்றி, சூடு தணிந்த பிறகே கை வைக்கணும்.