விதியா, மதியா? ரமணர் வாழ்க்கையிலிருந்து

நம்ம பண்டார் பாரு பக்கம் தோட்டத்துப் பெரியவங்ககிட்ட எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் கடைசியில் வருவது ஒரே வார்த்தைதான்: தலையெழுத்து. எஸ்.பி.எம். தேர்வில் எதிர்பார்த்த புள்ளி வரலையா, தலையெழுத்து. தோட்டம் கைமாறி வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்களா, அதுவும் தலையெழுத்து. நம்ம வயசுப் பசங்களுக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். விதியை மதியால் வெல்லலாம்னு பதிலுக்குப் பேசுவோம். இந்தச் சண்டைக்கு நடுவில் ரமண மகரிஷியின் வாழ்க்கையை வைத்துப் பார்க்கணும். விதி என்று மிகக் கண்டிப்பாகச் சொன்னவர் அவர். அதையே சாக்காகச் சொல்லிச் சும்மா கிடக்காதவரும் அவர்தான்.

1879 டிசம்பர் 30ஆம் தேதி திருச்சுழியில் பிறந்தார். பெயர் வேங்கடராமன். 1892இல் தகப்பனார் சுந்தரமய்யர் இறந்தபோது பையனுக்கு 12 வயசு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அண்ணனும் இவரும் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார்கள். படிப்பில் பெரிய அக்கறை கிடையாது, விளையாட்டில்தான் கெட்டி.

1896 ஜூலையில் ஒரு நாள், உடம்புக்கு ஒன்றுமில்லாதபோதே, இப்போதே சாகப்போகிறோம் என்ற பயம் அவரைப் பிடித்தது. அப்போது வயசு 16. நாமாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டிருப்போம். அவர் தரையில் படுத்துக் கைகாலை விறைப்பாக்கி, மூச்சை அடக்கி, பிணம் மாதிரியே கிடந்து பார்த்தார். உடம்பு செத்தால் சாவது யார், மிஞ்சுவது எது என்று உள்ளே தேடினார். பயம் போனது, திரும்ப வரவே இல்லை. பயம் தானாக வந்தது. அதை அவர் கூப்பிடவில்லை. ஆனால் ஓடாமல் அதை நேராகப் பார்த்தாரே, அது எதில் சேரும்? விதியிலா, அவருடைய சொந்த விருப்பத்திலா?

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29ஆம் தேதி, அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாத ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு ரயிலேறினார். அதே காலத்தில்தான் நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கிரியான் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குழியில் தொடையைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

1898 கடைசியில் அம்மா அழகம்மாள் தேடிக் கண்டுபிடித்து, பவளக்குன்றுக்கு வந்துவிட்டார். சடையும் அழுக்கும் ஏறிய பிள்ளையைப் பார்த்து நாள்கணக்கில் அழுதார், கெஞ்சினார், கோபித்தார். பிள்ளை வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டுக்கொண்டதால் ஒரு தாளில் பதில் எழுதினார். அவரவர் வினைப்படி ஆண்டவன் நடத்துகிறான், மனிதர் பாடுபட்டு அதை மாற்ற முடியாது, மௌனமே நல்லது என்பது அதன் சாரம். அம்மா தனியாகத் திரும்பிப் போனார்.

எனக்கு இந்த இடம் இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கு. அழும் தாய்க்கு இதுவா பதில்? நான் படிக்கிற பொறியியலில் காரணம் இல்லாமல் விளைவு இல்லை. அந்தக் கணக்கில் அவர் சொன்னது பிடிபடுது. மனசுக்குத்தான் பிடிபட நாளாகுது.

ஆனால் கதை அங்கே முடியலை. 1916இல் அதே அம்மா மலையிலேயே மகனோடு தங்க வந்தார். 1922 மே 19ஆம் தேதி அவர் உயிர் பிரியும் நாள். காலையிலிருந்து இரவு வரை ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார் ரமணர். சாவை நிறுத்தப் பார்க்கவில்லை. அம்மாவைத் தனியாகவும் விடவில்லை.

அடிவாரத்தில் அம்மாவின் சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. அங்கே விடியுமுன் எழுந்து சமையல்கட்டில் காய் நறுக்குவார். எல்லாம் விதிப்படி என்றால் காய் எதற்கு நறுக்கணும்? அவர் சொன்ன கணக்கு வேற. உடம்புக்கு வருவதெல்லாம் வந்தே தீரும், வேலையும் அதில் சேர்ந்ததுதான். இந்த உடம்புதான் நான் என்று ஒட்டிக்கொள்வதா, நான் யார் என்று உள்ளே திரும்புவதா என்பதில் மட்டும் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு. 1928இல் வந்த உள்ளது நாற்பதில் 19ஆம் பாட்டு இதைப் பற்றியதுதான். விதி பெரிதா மதி பெரிதா என்ற வாதம், இரண்டுக்கும் வேரான 'நான்' எதுவென்று தெரியாதவர்களுக்கே என்கிறார். தோட்டத்துத் தாத்தாவுக்கும் நமக்கும் சேர்த்து ஒரே கொட்டு!

1949 பிப்ரவரியில் இடது முழங்கை அருகே வந்த கட்டியை அறுத்தார்கள். அது புற்றுநோய். அடுத்த மாதம், அம்மாவின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலின் கும்பாபிஷேகத்தில் அந்தக் கையோடுதான் இருந்தார். அந்த வருஷத்துக்குள் மொத்தம் நாலு அறுவை. கையையே எடுத்துவிடலாம் என்றதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மற்றபடி டாக்டர்கள் கொடுத்த மருந்தை மறுக்கவில்லை. வலி இல்லை என்றும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்பதில்தான் பிடிவாதம். 1950 ஏப்ரல் 14ஆம் தேதி சாயங்காலமும் ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரவு 8.47க்கு மூச்சு நின்றது.